பருவம் பிசகினால் பழமும் பிசகும்

ரப்பர் மரம் ஆண்டிற்கு ஒருமுறை இலையுதிர்ப்பதை நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் ஏறுகின்ற காலத்தில் இலைகள் பழுத்து உதிர்கின்றன. மங்கில் விழும் பால் குறைகிறது. சில வாரங்களில் புதுத்தளிர் விட்டு மரம் மீண்டும் பச்சைப்பசேலென நிற்கிறது. இந்த ஒழுங்கை மரத்திற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மழை குறைவதையும் மண் காய்வதையும் மரம் தானே உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

பழ மரங்களும் இவ்வாறே பருவத்தின் குறிப்பறிந்துதான் பூக்கின்றன. அந்தக் குறிப்பு தெளிவாக இருக்கும் ஆண்டில் பழம் மிகுதியாகக் கிடைக்கும். குறிப்பு குழம்பிப் போகும் ஆண்டில் மரம் பூக்காமலும் இருக்கலாம். பூத்தும் காய்க்காமல் போகலாம். உலகெங்கும் வெப்பநிலை உயர்ந்து மழையும் வெயிலும் முறை தவறிவரும் இந்நாளில், இது பழத்தோட்ட முதலாளிகளை மட்டும் பாதிக்கும் செய்தியன்று. வீட்டின் பின்புறம் நான்கு டுரியான் மரம் வைத்திருப்பவரையும், பழப்பருவத்தில் கூலிக்குப் பழம் பொறுக்கச் செல்பவரையும், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துச் சிறு நிலம் வாங்கிப் பழ மரம் நடலாம் என்று எண்ணுபவரையும் இது தொடுகிறது. ஆகவே இதனை நாம் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

கொட்டைப் பழங்கள் காட்டும் பாடம்

சதைப்பகுதியின் நடுவே ஒரே ஒரு கடினமான கொட்டையைக் கொண்ட பழங்களைக் கொட்டைப் பழங்கள் என ஒரு வகையாகப் பிரித்துக் கூறுவர். பீச், பிளம்ஸ், செர்ரி, ஆப்ரிகாட் ஆகியவை குளிர்நாட்டுக் கொட்டைப் பழங்கள். நமக்கு நன்கு பழக்கமான மாம்பழமும் அமைப்பில் இவ்வகையைச் சேர்ந்ததே.

குளிர்நாட்டுக் கொட்டை மரங்களுக்கு ஒரு விந்தையான தேவை உண்டு. குளிர்காலத்தில் அவை இலையுதிர்த்து உறங்குகின்றன. அவ்வுறக்கத்தின்போது, ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிரில் அவை பல நூறு மணி நேரம் இருந்தாக வேண்டும். அந்தக் குளிர்க்கணக்கு நிறைந்த பின்னரே, அடுத்து வரும் வெயிலில் மொட்டு ஒழுங்காக விரியும். தமிழ்நாட்டில் பீச்சும் பிளம்சும் சமவெளியில் விளையாமல் கொடைக்கானல், நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் மட்டும் விளைவதற்குக் காரணம் இதுவே. அங்கும் குறைந்த குளிரே போதுமான வகைகளைத்தான் பயிரிடுகின்றனர்.

குளிர்காலம் போதிய குளிரின்றிக் கழிந்தால் என்ன நேரும்? பீச் பழத்திற்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2023ஆம் ஆண்டு இது கண்கூடாகத் தெரிந்தது. குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்ததால் மரங்கள் முறை தவறி, முன்னதாகவே பூத்தன. அதன்பின் திடீரென வந்த உறைபனி பூக்களைக் கருக்கியது. அவ்வாண்டு அம்மாநிலத்தின் பீச் விளைச்சலில் 90 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்தது. 2017ஆம் ஆண்டிலும் அங்கே இத்தகைய பேரிழப்பு ஏற்பட்டிருந்தது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூக்கும் நாளை ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் குறித்து வைத்துள்ளனர். கி.பி. 812 முதல் கிடைக்கும் அக்குறிப்புகளின்படி, 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் மரங்கள் முழுமையாகப் பூத்தது மிக முந்திய பூப்புகளுள் ஒன்றாகும். பருவம் நகர்ந்துகொண்டிருப்பதை அம்மரங்களே சாட்சி கூறுகின்றன எனலாம்.

நம் நாட்டில் குளிர்காலமும் இல்லை, உறைபனியும் இல்லை. அப்படியாயின் இச்செய்தி நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கிறது என்பதே அதற்கு விடை. பெர்லிஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற ஹாருமானிஸ் மாம்பழம், ஆண்டின் தொடக்கத்தில் தெளிவான வறண்ட காலம் நிலவும் வடபகுதியில் சிறப்பாக விளைவது இதனாலேயே ஆகும். பூக்கும் வேளையில் மழை வந்தால் பூங்கொத்துகளைப் பூஞ்சண நோய் கருக்கிவிடுகிறது. ஜொகூரில் நாம் காணும் டுரியான், கொட்டைப் பழ வகையைச் சேர்ந்ததன்று. ஒரு பழத்தினுள் பல கொட்டைகள் உண்டு. எனினும் பருவக் குறிப்பை நம்பிப் பூக்கும் இயல்பில் அது மாவிற்கும் பீச்சிற்கும் உறவே.

டுரியான் பூப்பது எவ்வாறு?

டுரியான் மரம் தொடர்ந்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் மழையின்றி இருந்தால், பெருங்கிளைகளின் அடிப்புறத்தில் ஊசிமுனை போன்ற சிறு முனைகள் தோன்றுகின்றன. இரவு சற்றுக் குளிர்ந்திருந்தால் அவை இன்னும் நன்கு தோன்றும். இம்முனைகளே மொட்டாக வளர்ந்து, ஒன்றரை மாத அளவில் பூவாக விரிகின்றன. பூ விரிந்த நாளிலிருந்து பழம் முற்றி விழுவதற்கு, வகைக்கு ஏற்ப, மூன்று முதல் நான்கு மாதங்கள் பிடிக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் நல்ல வெயில் காய்ந்தால் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ பூ விரியும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பழம் விழும். ஜொகூரில் டுரியான் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிடைப்பது இக்கணக்கின்படியே ஆகும். சில ஆண்டுகளில் ஆண்டிறுதியிலும் ஒரு சிறு பருவம் வருவதுண்டு.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆகஸ்ட் மாதத்துப் பழத்தின் தலைவிதி, பிப்ரவரி மாதத்து இரண்டு வார வெயிலில் முடிவாகிறது. அந்த இரண்டு வாரத்தினிடையே பெருமழை பெய்துவிட்டால், தோன்றத் தொடங்கிய முனைகள் மொட்டாகாமல் நின்றுவிடலாம். மரம் பூப்பதற்கு மாறாக இலைத்தளிர் விடத் தொடங்கும். நாம் எவ்வளவு உரம் போட்டிருந்தாலும் அந்தக் குறையை உரத்தால் ஈடுசெய்ய இயலாது.

ஜொகூரின் மழையும் வெயிலும்

ஜொகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மெர்சிங், கோத்தா திங்கி முதலிய கிழக்குப் பகுதிகளில் ஆண்டிறுதி மழை மிகவும் கடுமையாக இருக்கும். பிப்ரவரியில் மழை தளர்ந்து, வெயில் தலைகாட்டுவது பொதுவான வழக்கம். உள்நாட்டுப் பகுதியாகிய சிகாமட்டில் இவ்வெயில் நன்கு தெரியும். சிகாமட், தங்காக், மூவார், குளுவாங் வட்டாரங்களில் டுரியான் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகாங்கும் ஜொகூரும் நாட்டில் டுரியான் மிகுதியாக விளையும் மாநிலங்களாக விளங்குகின்றன.

இந்த வழக்கம் இப்போது எவ்வாறு உள்ளது? 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தை நினைவுகூர்வோம். மழை விடவேண்டிய அக்காலத்தில் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. சிகாமட், குளுவாங், பத்து பகாட் ஆகிய வட்டாரங்கள் நீரில் மூழ்கின. 40,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுத் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பகாட் வட்டாரத்தின் சில இடங்களில் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. அதற்கு முன்னர் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தைக் கோத்தா திங்கி, சிகாமட் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மறுபுறம் வறட்சியும் வருகிறது. பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிட வெப்பமடையும் ஆண்டுகளில், நம் வட்டாரத்தில் மழை குறைவது இயல்பு. இதனை எல் நினோ என்பர். 1997-98, 2015-16, 2023-24 ஆகிய காலங்களில் இது நேர்ந்தது.

எல் நினோ பழங்காலந்தொட்டு வருவதே. புதிதாகச் சேர்ந்திருப்பது உலகின் பொதுவான வெப்ப உயர்வாகும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வானத்தில் கரியமில வாயு பெருகி, அது வெப்பத்தைப் போர்வை போல் பிடித்து வைக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரை நிலவிய சராசரியைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் கூடுதலாக இருந்தது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது மண் விரைந்து காய்வதும் ஒருங்கே நிகழ்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஓராண்டில் பழம் குறைந்துவிட்டால் அதற்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று உடனே கூறிவிடலாகாது. முந்தைய ஆண்டில் அளவுக்கு மீறிக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு ஓய்வெடுப்பதுண்டு. நோயும், உரக்குறைவும் காரணமாகலாம். பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மழை மிகுந்தாலும் துன்பம், வெயில் மிகுந்தாலும் துன்பம்

மரம் மொட்டு விட்டுவிட்டது என்று கொள்வோம். அதன்பின்னும் இடர்கள் உண்டு. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவிலேயே மகரந்தச் சேர்க்கை பெற்று, விடியுமுன் இதழ்களை உதிர்த்துவிடுகிறது. அந்த ஓரிரவில் அடைமழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டுப் பூவும் கொட்டிவிடும். பிஞ்சு பிடித்த சில வாரங்களில் திடீர் மழை வந்து மரம் தளிர் விட்டால், சத்து தளிருக்குச் சென்று பிஞ்சு உதிரும். பழம் முற்றும் வேளையில் மழை மிகுந்தால் சுளை நீர்கோத்து, சுவை குன்றி, ஒரு பகுதி கனிந்தும் ஒரு பகுதி கடினமாகவும் இருக்கும். அத்தகைய பழத்தை வாங்குவோர் கழித்துவிடுவர்.

ஈரம் மிகுந்தால் நோயும் மிகும். டுரியான் மரத்தின் அடிப்பட்டையை அழுகச் செய்து மரத்தையே கொல்லும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரியின் இனத்தைப் பால்வெட்டுத் தொழிலாளர் அறிவர். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப் பட்டையில் கருங்கோடுகளாகத் தோன்றும் நோய்க்கும் அவ்வினமே காரணம். ஆகவே வெட்டுப் பட்டையைக் கவனிக்கும் கண், டுரியான் மரத்தின் அடிப்பட்டையில் கசியும் செந்நிற நீரையும் எளிதில் கண்டுகொள்ளும். இந்த அனுபவம் நம் தொழிலாளர்களுக்குள்ள ஒரு சிறப்பாகும்.

இனி, வெயில் நீண்டாலும் தொல்லையே. டுரியானின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பவை. பூ எடுக்க இரண்டு வார வறட்சி வேண்டும் என்பதால் இரண்டு மாத வறட்சி இன்னும் நல்லது என்று எண்ணலாகாது. பிஞ்சு பிடித்தபின் நீரில்லாவிடில் பிஞ்சு உதிரும், இளங்கன்று பட்டுப்போகும். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வெயில், அதன்பின் அளவான மழை என்பதே மரத்தின் தேவை. காலநிலை மாற்றம் கெடுப்பது இந்த வரிசையைத்தான்.

இரவில் வரும் உதவியாளர்

டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கையை முதன்மையாக நிகழ்த்துபவை தேன் உண்ணும் வௌவால்கள். பத்துமலைக் குகைகளிலும் இவ்வௌவால்கள் வாழ்கின்றன. ஓர் இரவில் பல மைல் பறந்து இவை பூத்தேனைத் தேடுகின்றன. டுரியான் பூக்காத மாதங்களில் கடலோரச் சதுப்பு மரங்களின் பூக்களும், வாழைப் பூக்களும் இவற்றிற்கு உணவாகின்றன.

டுரியான் வகைகள் பலவற்றில், அதே வகையின் மகரந்தம் பட்டால் காய் சரிவரப் பிடிப்பதில்லை. வேறு வகையின் மகரந்தம் வேண்டும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது வௌவாலே. ஆகவே பழத்தைக் கெடுக்கும் பிராணி என்று கருதி வௌவாலைக் கொல்வது, நம் பழத்திற்கு நாமே கேடு செய்வதாகும். சதுப்புக் காடுகளை அழித்தால் வௌவால் குறையும். வௌவால் குறைந்தால், பருவம் நன்றாக அமைந்த ஆண்டிலும் காய் குறையும்.

வாணிகத்தில் நேரும் அழுத்தம்

முன்னாளில் டுரியான் அவ்வப்போது விழுந்து, அண்டை ஊர்களிலேயே விற்றுத் தீர்ந்த பழம். இன்று அது பெரும் ஏற்றுமதிப் பண்டம். மலேசியாவிலிருந்து உறைய வைத்த சுளைகள் 2011 முதல் சீன நாட்டிற்குச் சென்றன. 2019 முதல் உறைய வைத்த முழுப்பழம் செல்லத் தொடங்கியது. 2024 ஜூனில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் உறைய வைக்காத புதுப்பழமும் அனுப்பப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் சீன நாடு இறக்குமதி செய்த டுரியான் ஏறத்தாழ 14 இலட்சம் டன். அதில் மிகப் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் சென்றதாகும். வியட்நாம் 2022இலும் பிலிப்பைன்ஸ் 2023இலும் அச்சந்தையில் புதுப்பழத்துடன் நுழைந்தன.

தாய்லாந்தில் காயை மரத்திலேயே வெட்டி எடுக்கின்றனர்; அது பல நாள் தாங்கும். நம் நாட்டிலோ பழம் தானே கனிந்து விழும்வரை காத்திருப்பது மரபு. சுவை சிறந்தாலும் அது இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்காது. எனவே விழுந்த பழத்தை உடனே தொழிற்சாலைக்கோ விமான நிலையத்திற்கோ கொண்டுசெல்ல வேண்டும். வெள்ளத்தால் சாலை துண்டிக்கப்பட்டால் ஏற்படும் இழப்பு எத்தகையது என்பதை இதிலிருந்து உணரலாம்.

காலமும் விலையை முடிவு செய்கிறது. கிழக்குத் தாய்லாந்தின் சந்தபுரி வட்டாரத்தில் பழம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை விளைகிறது. அப்பருவம் முடியும் வேளையில் நம் பழம் வருவது நமக்கு நன்மை. ஆனால் மழை வெயில் மாறி, அவர்கள் பருவம் பின்னுக்கும் நம் பருவம் முன்னுக்கும் நகர்ந்தால், எல்லோர் பழமும் ஒரே வேளையில் சந்தையில் குவியும், விலை சரியும். அதுபோலவே, நாடு முழுவதும் ஒரே நீண்ட வறட்சி நிலவினால் எல்லா மாநிலத்து மரங்களும் ஒருசேரப் பூத்துப் பழம் மலிந்துபோகும். மழை கலைந்து பெய்தால் பழம் குறைந்து விலை ஏறும். எனினும் மரத்தில் பழம் இல்லாதவருக்கு ஏறிய விலையால் என்ன பயன்?

சுருங்கச் சொன்னால், மரம் விலையைப் பார்த்துப் பூப்பதில்லை. மழையைப் பார்த்தே பூக்கிறது. பழத்தை நம்பிப் பணம் போடுபவரும் விலையை மட்டும் பார்த்தல் போதாது.

பணம் போடுமுன் சிந்திக்க வேண்டியவை

ஒட்டுக்கட்டிய டுரியான் கன்று முதற்பழம் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நல்ல வருவாய் வர இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். விதையிலிருந்து வளர்ந்த மரத்திற்கு இதைவிட நெடுங்காலம் செல்லும். இன்றைய விலை ஏழாண்டுக்குப் பின் நிற்கும் என்பதற்கு எவரும் உறுதி கூற முடியாது. 'இத்தனை ஆண்டில் இத்தனை மடங்கு' என்று யாரேனும் உறுதியளித்துச் சேமநிதிப் பணத்தைக் கேட்டால், மழைக்கும் வெயிலுக்கும் அவர் எவ்வாறு உறுதியளித்தார் என்று கேளுங்கள். நிலப்பட்டா யார் பெயரில் உள்ளது என்பதையும் நில அலுவலகத்திற்கு நேரில் சென்று அறிந்துகொள்ளுங்கள்.

பருவத்திற்கு முன்பே மரத்திலுள்ள பழத்தைக் குத்தகைக்கு விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மலாய் மொழியில் இதனைப் 'பஜாக்' என்பர். மரத்துக்குரியவருக்கு இது ஒருவகைப் பாதுகாப்பு. பழம் உதிர்ந்தாலும் பெற்ற பணம் கையில் இருக்கும். ஆனால் கடன் வாங்கிப் பிறர் மரங்களைக் குத்தகைக்கு எடுப்பவர், வானத்தின் மீது பந்தயம் கட்டுபவர் ஆவார். பூவைக் கண்டு விலை பேசாமல், பிஞ்சு நிலைத்த பின்னர் பேசுவது நன்று. ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்வதும், பழம் பாதிக்குமேல் உதிர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வதும் பின்னர் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

தோட்ட நிலத்தில், லயத்து வீட்டருகே மரம் நட விரும்புவோர் நிர்வாகத்தின் அனுமதியை முதலில் பெறவேண்டும். தோட்டம் கைமாறினால் அம்மரம் நமக்குரியதாக இராது என்பதையும் மனத்திற்கொள்க.

நாம் செய்யக்கூடியவை

வானத்தை நம்மால் மாற்ற இயலாது. எனினும் மரம் தாங்கும் ஆற்றலை நம்மால் கூட்ட இயலும்.

முதலாவதாக, ஒரே வகையை மட்டும் நடலாகாது. விலை மிகுதி என்பதற்காக டி197 எனப்படும் மூசாங் கிங் வகையை மட்டும் நட்டவர், அவ்வகைக்கு ஒவ்வாத பருவம் வந்தால் முழு இழப்பையும் அடைவார். டி24, டி101 போன்ற வகைகளையும் கலந்து நட்டால் மகரந்தச் சேர்க்கையும் சிறக்கும். பூக்கும் நாளும் சற்று முன்பின்னாக அமைந்து இடர் பகிரப்படும். டுரியானோடு மா, ரம்புத்தான், மங்குஸ்தான், வாழை ஆகியவற்றிற்கும் இடம் கொடுக்கலாம். வாழை ஓராண்டிலேயே பலன் தரும். இளங்கன்றுக்கு நிழலும் தரும்.

இரண்டாவதாக, நீர் தேங்கும் பள்ளத்தில் டுரியானை நடலாகாது. தாழ்ந்த நிலமாயின் மண்ணை மேடாக்கி அதன்மேல் நட்டு, வடிகால் வெட்ட வேண்டும். வேர் ஒரு வாரம் நீரில் நின்றால் மேலே சொன்ன அழுகல் நோய் பற்றிக்கொள்ளும்.

மூன்றாவதாக, வறண்ட காலத்தில் மரத்தடியில் காய்ந்த புல், இலைச்சருகு ஆகியவற்றைப் பரப்பி மண்ணின் ஈரத்தைக் காக்க வேண்டும். சருகு அடிமரத்தைத் தொடாதவாறு ஒரு சாண் தள்ளிப் பரப்புக. பிஞ்சு பிடித்தபின் வெயில் நீடித்தால் இளம் மரங்களுக்கு நீர் ஊற்றுக.

நான்காவதாக, அடிப்பட்டையை மாதம் ஒருமுறை பார்த்து வருக. கசிவோ கருமையோ தென்பட்டால் உடனே வட்டார விவசாய அலுவலகத்தை நாடுக. பருவமில்லாக் காலத்தில் பூக்க வைக்கும் மருந்து என்று எவரேனும் விற்பதைத் தாமாகவே வாங்கித் தெளிக்கலாகாது. அளவு தவறினால் மரம் நலிந்துபோகும். 1969இல் அமைக்கப்பட்ட மார்டி எனும் விவசாய ஆராய்ச்சிக் கழகமும், விவசாயத் துறையும் இத்துறையில் அறிவுரை கூறக் கடமைப்பட்டவை. விற்பனை பற்றி அறிய 1965இல் தொடங்கப்பட்ட பாமா எனும் விவசாயப் பொருள் விற்பனை வாரியத்தை அணுகலாம்.

மழைக் குறிப்பேடு

இறுதியாக, செலவில்லாத ஒரு பழக்கத்தைப் பற்றிக் கூற விரும்புகிறோம். தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து, காலைதோறும் மழையளவைப் பதிவது நெடுநாளைய வழக்கம். மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு நடவாது; ஆதலின் மழைக்கணக்கு நம் கூலிக்கணக்கோடு ஒட்டியது. அதே கணக்கைப் பழ மரத்திற்காக நாமும் எழுதலாம்.

பக்கங்கள் நேராக உள்ள, வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு டின்னை, மரநிழல் படாத வெளியில் அசையாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், மாணவர் பயன்படுத்தும் அளவுகோலை நேராக விட்டு, தேங்கிய நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். அதே ஏட்டில் மூன்று நாள்களையும் குறியுங்கள்: முதல் மொட்டு தென்பட்ட நாள், பூ விரிந்த நாள், முதற்பழம் விழுந்த நாள். பள்ளியில் பயிலும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் அவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் ஒருங்கே பழகும்.

ஐந்தாண்டு ஏடு கையில் இருந்தால், 'இவ்வாண்டு பிப்ரவரியில் தொடர்ந்து எட்டு நாள்தான் வெயில். பழம் குறையும்' என்று மார்ச் மாதத்திலேயே ஓரளவு ஊகிக்கலாம். குத்தகை பேசுவதா, பொறுப்பதா, கடன் வாங்குவதா, விடுவதா என்பதை அதைக்கொண்டு தீர்மானிக்கலாம். கியோட்டோ நகரத்தார் எழுதி வைத்த ஏடு, உலகிற்கே இன்று சான்றாகப் பயன்படுகிறது. நம் ஏடு நம் குடும்பத்தின் சேமிப்பைக் காக்கப் பயன்பட்டாலே போதும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. குளிர்நாட்டுப் பீச் மரத்திற்குக் குளிர் எவ்வாறு உதவுகிறதோ, அவ்வாறு டுரியானுக்கு உதவுவது எது?

2. உங்கள் வட்டாரத்தில் சென்ற மூன்று ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை எவ்வாறு இருந்தது? பழம் எவ்வாறு இருந்தது?

3. பூக்கும்போது குத்தகை பேசுவதால் யாருக்கு நன்மை, யாருக்கு இடர்?

4. ஒரு குடும்பத்திற்கு எட்டு மரம் நடுவதற்கு இடம் உண்டு எனில், எந்தெந்த மரங்களை எத்தனை நடுவீர்கள்? காரணம் கூறுக.

இவ்வினாக்களைத் தோட்டத்து நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் கலந்து பேசுக. வயதில் மூத்தவர்களிடம் அந்நாளைய மழையைப் பற்றிக் கேட்டு, அவர்கள் நினைவிலுள்ளதையும் அந்த ஏட்டில் எழுதி வையுங்கள்.